நிறுவிய இடத்திலேயே சோதனை: ரூட் அதிகாரமின்றி மென்பொருளைச் சரிபார்த்த வரலாறு

மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்தினால் வேறோர் இடத்தில் புதிய பிழை முளைப்பது மிகப் பழைய தொல்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணிக்குத் தலைமை வகித்த ஃப்ரெட் புரூக்ஸ், 1975-ல் வெளிவந்த ‘தி மித்திகல் மேன்-மன்த்’ நூலில் இதற்கு ஒரு கணக்கே சொன்னார். ஒரு திருத்தம் புதிய பிழையைக் கொண்டுவர 20 முதல் 50 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு என்பது அவர் கணிப்பு. நேற்றுவரை ஒழுங்காக நடந்த வேலை இன்றும் ஒழுங்காக நடக்கிறதா என்று ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பார்ப்பதற்கு ரிக்ரஷன் சோதனை என்று பெயர். எதிர்பார்க்கும் விடையைக் கோப்பில் எழுதி வைத்து, நிரலை ஓட்டி, கிடைத்த விடையை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அடிப்படை அவ்வளவுதான்.

அந்தச் சோதனையை யார் ஓட்டுவது, எங்கே ஓட்டுவது, எந்த அதிகாரத்தோடு ஓட்டுவது என்ற கேள்விகளுக்கு விடை காணத்தான் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. தொடக்கத்தில் மூன்றுக்கும் ஒரே பதில் இருந்தது. நிரலை எழுதியவர், தன் மூலநிரல் அடைவுக்குள், தன் கணக்கிலேயே ஓட்டினார். லாரி வால் 1987 டிசம்பர் 18 அன்று வெளியிட்ட பெர்ல் மொழியின் முதல் பதிப்பு அந்தக் காலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. மொழியோடு சேர்த்துச் சோதனைகளையும் அவர் அனுப்பினார். ஒவ்வொரு சோதனையும் முதலில் தான் எத்தனை அம்சங்களைப் பார்க்கப்போகிறது என்று ஓர் எண்ணைச் சொல்லும். பிறகு வரிசை எண்ணோடு ‘ஓகே’ என்றோ ‘நாட் ஓகே’ என்றோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி அச்சிடும். இந்த எளிய வடிவம் பின்னர் டாப் என்ற பெயரில் பல மொழிகளுக்கும் பரவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

யூனிக்ஸ் கணினிகளில் மென்பொருள் நிறுவும் வரிசை அப்போதே உறுதிப்பட்டுவிட்டது. சாதாரணப் பயனராக இருந்து மூலநிரலைக் கம்பைல் செய்வது முதல் படி. அதே பயனராகவே ‘மேக் டெஸ்ட்’ அல்லது ‘மேக் செக்’ கட்டளையைக் கொடுத்துச் சோதிப்பது இரண்டாவது. எல்லாம் சரியென்றால் ரூட் பயனராக மாறி நிறுவுவது மூன்றாவது. ரூட் என்பது யூனிக்ஸில் பயனர் எண் 0 கொண்ட கணக்கு; எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், எந்தச் செயலையும் நிறுத்தலாம். அந்த அதிகாரம் கடைசிப் படிக்கு மட்டும் போதும் என்பது நல்ல ஏற்பாடு. சோதனை நிரலில் ஒரு தவறு நேர்ந்தாலும் பாதிப்பு ஓட்டியவரின் கோப்புகளோடு நின்றுவிடும்.

ரூட்டாகச் சோதிக்கக் கூடாது என்பதற்கு ஆபத்தைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. ரூட்டாக ஓட்டினால் சில சோதனைகள் பொய் சொல்லும். படிக்க அனுமதி இல்லாத கோப்பைத் திறக்க முயன்றால் நிரல் முறையாகப் பிழை காட்ட வேண்டும் என்று ஒரு சோதனை இருப்பதாகக் கொள்வோம். ரூட்டுக்கு அந்தத் தடையே கிடையாது, கோப்பு திறந்துவிடும், சோதனை தோற்றுவிடும். நிரலில் பிழையில்லை, சோதித்தவரின் அதிகாரம்தான் பிழை. குனூ கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் சோதனைகளில் இதற்கென்றே ரூட்டாக இருந்தால் தவிர்த்துவிடும் வழிமுறை ஒன்றும், ரூட் தேவைப்படும் சில சோதனைகளுக்குத் மேக் கட்டளைக்குக் கொடுக்கும் ‘செக்-ரூட்’ என்ற தனி இலக்கு ஒன்றும் இருக்கின்றன. கிட் மென்பொருளின் சோதனைத் தொகுப்பு ரூட் அல்லாத நிலையை ‘சானிட்டி’ என்றே குறிக்கிறது. அனுமதி மறுப்பைப் பார்க்கும் சோதனைகள் அந்த நிலை இருந்தால் மட்டும் ஓடும்.

ஆனால் இந்த வரிசையில் ஓர் ஓட்டை இருந்தது. சோதனை நடப்பது நிறுவுவதற்கு முன்பு. சோதிக்கப்படுவது கம்பைல் செய்த அடைவில் கிடக்கும் நிரல். அது நிறுவப்படும்போது வேறு அடைவுக்குப் போகிறது, வேறு நூலகக் கோப்புகளோடு இணைகிறது, வேறு அமைப்புக் கோப்புகளைப் படிக்கிறது. ஒரு கோப்பு விடுபட்டாலோ அனுமதி தவறாக அமைந்தாலோ முந்தைய சோதனைக்கு அது தெரியாது. சமைத்தவர் அடுப்படியில் உப்பு பார்ப்பதும் பந்தியில் உட்கார்ந்தவர் வாயில் வைத்துப் பார்ப்பதும் ஒன்றாகாது. குனூ திட்டத்தின் நிரலாக்க நெறிமுறைகள் இதை உணர்ந்து ‘செக்’ என்பதற்கு அருகிலேயே ‘இன்ஸ்டால்செக்’ என்ற தனி இலக்கை வகுத்தன. முதலாவது நிறுவும் முன் ஓடுவது. இரண்டாவது நிறுவிய பிறகு, நிறுவிய நிரலின் மீது ஓடுவது. நிரல் இருக்கும் அடைவு பயனரின் தேடல் பாதையில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்றும் அந்த நெறிமுறை எச்சரிக்கிறது.

1990-களின் நடுவில் நிலைமை தலைகீழாக மாறியது. 1993-ல் இயன் முர்டாக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். 1995-ல் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்பிஎம் பேக்கேஜ் முறை வந்தது. பயனர் இனி மூலநிரலைத் தொட வேண்டியதில்லை. கம்பைல் செய்த கோப்புகள் பேக்கேஜாக வரும், ஒரு கட்டளையில் நிறுவலாம். இது பெரிய வசதி. கூடவே ஒரு பெரிய இழப்பும் நேர்ந்தது. மூலநிரலோடு வந்த சோதனைகள் பேக்கேஜ் தயாரித்தவரின் கணினியிலேயே தங்கிவிட்டன. அங்கே அவை ஒருமுறை ஓடி வென்றன. பயனரின் கணினியில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வேறு, செயலி வேறு, மொழி அமைப்பு வேறு, நூலகங்களின் பதிப்பு வேறு. ‘என் கணினியில் இது சரியாக ஓடுகிறதா’ என்று கேட்கும் வழி, மூலநிரலைத் தேடி இறக்கி முழுதாகக் கம்பைல் செய்யத் தெரிந்தவருக்கு மட்டுமே மிஞ்சியது.

இந்த இழப்பை முதலில் சரிசெய்தவற்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கதை விரிவாகச் சொல்லத் தக்கது. நிறுவிய இடத்தில் சோதிப்பதன் எல்லாச் சிக்கல்களும் அதில் வந்து போகின்றன. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் 1990-களின் நடுவில் அதற்கு எஸ்கியூஎல் மொழியைச் சேர்த்தார்கள். முதல் ரிக்ரஷன் சோதனைகளை உருவாக்கியவர்களும் அவர்கள்தான். பிறகு மார்க் ஃபோர்னியே, தாமஸ் லாக்ஹார்ட் ஆகியோர் அவற்றைத் திருத்தி ஒழுங்குபடுத்தினார்கள். எஸ்கியூஎல் கோப்பு ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் வெளியீட்டுக் கோப்பு ஒன்று இருக்கும். ஓட்டிய பிறகு இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அது தனிக் கோப்பில் பதிவாகும்.

போஸ்ட்கிரெஸ் சர்வர் ரூட்டாக ஓட மறுக்கும். ரூட்டாகத் தொடங்க முயன்றால் பிழைச்செய்தி கொடுத்து நின்றுவிடும். தரவுத்தளத்தை முதன்முதலாக அமைக்கும் நிரலும் அப்படித்தான். காரணம் தெளிவானது. தரவுத்தளத்தில் முழு அதிகாரம் பெற்றவர் சர்வர் வழியாகக் கோப்புகளை எழுதலாம், சி மொழியில் எழுதிய நிரலை ஏற்றி ஓட்டலாம். சர்வர் ரூட்டாக ஓடினால் தரவுத்தளத்தின் சாவி கணினி முழுவதற்கும் சாவியாகிவிடும். எனவே சர்வரைத் தொடங்கிச் சோதிப்பவர் ரூட்டாக இருக்கவே முடியாது. ரூட்டாகக் கம்பைல் செய்தவர் அதே கணக்கில் ‘மேக் செக்’ கொடுத்தால் அது ஓடாது என்று ஆவணமே முன்கூட்டிச் சொல்கிறது. சர்வர் வழக்கமாகக் காத்திருக்கும் 5432 என்ற போர்ட் எண் 1024-க்கு மேல் இருப்பதால் அதைத் திறக்கவும் ரூட் வேண்டியதில்லை. அதிகாரமில்லாமல் இயங்குவது இங்கே பின்னால் ஒட்டவைத்த வசதியாக இல்லாமல் வடிவமைப்பிலேயே இருந்தது. பின்னால் வந்த பல திட்டங்கள் பட்ட பாட்டைப் பார்க்கும்போது இந்த முன்யோசனையின் மதிப்பு புரிகிறது.

ரெட் ஹேட் வழியில் வந்த பேக்கேஜ்களில் சோதனைகள் மட்டும் அடங்கிய துணைப் பேக்கேஜ் ஒன்று தனியாக இடம்பெற்றது. அதை நிறுவினால் சோதனைக் கோப்புகள் போஸ்ட்கிரெஸ் நூலக அடைவுக்குள் வந்து அமரும். அவற்றின் உடைமையாளர் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற பெயர் கொண்ட, சர்வரை ஓட்டுவதற்கென்றே உருவாக்கிய சாதாரணப் பயனர். நிர்வாகி சர்வரைத் தொடங்கிவிட்டு அந்தப் பயனராக மாறி, சோதனை அடைவுக்குப் போய், ‘மேக் இன்ஸ்டால்செக்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஓடுகிற சர்வரின் மீதே சோதனை நடக்கும். அதற்கென ‘ரிக்ரஷன்’ என்ற பெயரில் தனித் தரவுத்தளம் உருவாகும், மற்றத் தரவுகளில் கைபடாது. வேலை முடிந்ததும் அந்தத் துணைப் பேக்கேஜை நீக்கிவிடலாம்.

அந்தப் பயனராக மாறுவதற்கும் நிர்வாகியின் அனுமதி வேண்டும். அதுவும் இல்லாதவர் என்ன செய்வது? கோப்புகளைத் தன் இல்ல அடைவுக்கு நகலெடுத்து ஓட்டிப் பார்ப்பார். இங்கேதான் யூனிக்ஸ் அனுமதிகள் விளையாடும். சோதனைக் கட்டளைகளை அனுப்புவது பயனர். ஆனால் சோதனைக்கான தரவுக் கோப்புகளைத் திறந்து அட்டவணையில் ஏற்றுவது சர்வர். சர்வர் வேறொரு பயனராக ஓடுகிறது. இல்ல அடைவை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தால் சர்வரால் உள்ளே நுழைய முடியாது. பல சோதனைகள் வரிசையாகத் தோற்கும். தரவுத்தளத்துக்குள் அந்தப் பயனருக்கு முழு அதிகாரமும் தேவைப்படும். இயங்குதளத்தின் ரூட்டும் தரவுத்தளத்தின் உயர் பயனரும் இருவேறு ஆட்கள் என்பதை இந்த இடத்தில் பலரும் பட்டே தெரிந்துகொள்கிறார்கள்.

இதற்குச் சிறந்த தீர்வு தற்காலிக சர்வர். நிறுவிய நிரல்களையே பயன்படுத்தி, பயனர் தன் கணக்கில் புதிய தரவுத்தளம் ஒன்றை அமைத்து, அதற்கென ஒரு சர்வரைத் தொடங்கி, சோதித்து, முடிந்ததும் நிறுத்திவிடலாம். அந்தச் சின்ன உலகில் அவரே உயர் பயனர். சோதனைகளை நடத்தும் நிரல் முன்பு ஷெல் நிரலாக இருந்தது. 2006-ல் வெளிவந்த 8.2 பதிப்பில் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. நிறுவிய நிரல்கள் எந்த அடைவில் உள்ளன, உள்ளீடு எங்கே, வெளியீடு எங்கே என்று அதற்குத் தனித்தனியாகச் சொல்ல முடியும். எழுத அனுமதி இல்லாத அடைவில் இருக்கும் சோதனையை ஓட்டி, முடிவுகளை எழுத அனுமதி உள்ள இடத்தில் சேர்க்க அதுவே வழி.

தற்காலிக சர்வரும் ஆபத்தற்றது அல்ல என்று 2014 பிப்ரவரியில் தெரியவந்தது. சோதனைக்காக எழுப்பும் சர்வர் கடவுச்சொல் கேட்காது. பலர் பயன்படுத்தும் கணினியில், சோதனை ஓடிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் வேறொரு பயனர் அதனோடு இணைந்து, உயர் பயனராக நுழைந்து, சோதிப்பவரின் கணக்கில் எந்த நிரலையும் ஓட்டிவிடலாம். 2014-0067 என்ற எண்ணோடு அது பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. அதே ஆண்டு ஜூலையில் வந்த 9.3.5 பதிப்பில் திருத்தம் சேர்ந்தது. சர்வரோடு பேசும் சாக்கெட் கோப்பு, உடைமையாளர் தவிர வேறு யாரும் நுழைய முடியாத ஒரு தற்காலிக அடைவுக்குள் போனது. ரூட்டைத் தவிர்த்தால் மட்டும் போதாது, பக்கத்து இருக்கைப் பயனரிடமிருந்தும் சோதனையைக் காக்க வேண்டும் என்பது அப்போது உறைத்தது.

நிறுவிய கணினியில் சோதிக்கும்போது இன்னொரு வகைத் தோல்வியும் வரும். பிழையே இல்லாமல் விடை மாறும். மொழி அமைப்பு மாறினால் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறும். செயலி மாறினால் தசம எண்ணின் கடைசி இலக்கம் மாறும். அதனால் ஒரே சோதனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்பார்ப்புக் கோப்புகளை வைக்கும் வழக்கம் வந்தது. நேர மண்டலத்தைப் பொறுத்தவரை உலகில் எங்கே ஓட்டினாலும் சோதனைகள் பெர்க்லியின் நேரத்தையே பின்பற்றின. பிறந்த ஊரின் தடம் இத்தனை ஆண்டுகள் ஒரு மென்பொருளில் நிலைத்திருப்பது மகிழ்ச்சி தரும் செய்தி. ‘ரேண்டம்’ என்ற சோதனை எப்போதாவது தோற்கலாம், கவலைப்பட வேண்டாம் என்று ஆவணம் நெடுங்காலம் சொல்லி வந்தது. ஒரே நேரத்தில் 20 சோதனைகள் வரை ஓடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு என 40 செயல்கள் அந்தப் பயனரின் பெயரில் எழும். சாதாரணப் பயனருக்கு நிர்வாகி விதித்திருக்கும் உச்சவரம்பை அது தாண்டினால் காரணம் புரியாத தோல்விகள் வரும். அதற்காக இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியும் சேர்ந்தது.

பைத்தான் மொழி இதே சிக்கலை எளிதாகக் கடந்தது. அதன் சோதனைகள் மொழியின் நூலகத்துக்குள்ளேயே ‘டெஸ்ட்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. பைத்தானை நிறுவினால் அவையும் நிறுவப்படும். டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் இடம் மிச்சப்படுத்த அவற்றைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்தன. எந்தப் பயனரும் ஒற்றை வரியில் ஓட்டலாம். இணையத்தைத் தொடும் சோதனைகளும் வளங்களை அதிகம் விழுங்கும் சோதனைகளும் கேட்டால் மட்டுமே ஓடும்.

ஒரு முழு இயங்குதளத்துக்கே இதைச் செய்ய முடியும் என்று காட்டியது நெட்பிஎஸ்டி. அதன் மூலநிரலில் ‘ரிக்ரஸ்’ என்ற கிளை இருந்தது. சோதனைகள் அங்கே சிதறிக் கிடந்தன. முழு மூலநிரலும் கையில் இருந்தால்தான் ஓட்ட முடியும். ஆளுக்கொரு பாணியில் எழுதியவை என்பதால் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கவும் வழியில்லை. 2007-ல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் ஜூலியோ மெரினோ என்ற ஸ்பெயின் நாட்டு மாணவர், மார்ட்டின் ஹூஸ்மான் வழிகாட்டுதலில், ஏடிஎஃப் என்ற தானியங்கிச் சோதனைக் கட்டமைப்பை உருவாக்கினார். அதன் மையக் கருத்து துணிச்சலானது. சோதனைகளும் இயங்குதளத்தின் பகுதியே. மற்ற நிரல்களைப் போலவே அவையும் கம்பைல் செய்யப்பட்டு, நிறுவப்பட்டு, பயனரின் வட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டும். 2009 ஏப்ரலில் வந்த நெட்பிஎஸ்டி 5.0 பதிப்பில் ஏடிஎஃப் இடம்பெற்றது. நிறுவும்போது ‘டெஸ்ட்ஸ்’ என்ற தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் யுஎஸ்ஆர் அடைவின் கீழ் அதே பெயரில் ஓர் அடைவு உருவாகும். மூலநிரலும் வேண்டாம், கம்பைலரும் வேண்டாம்.

அதிகாரம் குறித்து ஏடிஎஃப் கையாண்ட முறைதான் அதன் சிறப்பு. ஒவ்வொரு சோதனையும் தனக்கு எந்தப் பயனர் வேண்டும் என்று தானே அறிவிக்கும். ரூட் வேண்டும் என்று அறிவித்த சோதனையைச் சாதாரணப் பயனர் ஓட்டினால், காரணத்தோடு ‘தவிர்க்கப்பட்டது’ என்று பதிவாகும். ரூட் கூடாது என்று அறிவித்த சோதனையை ரூட் ஓட்டினால், சோதனைக்கென்றே ஒதுக்கிய அதிகாரமற்ற பயனராக அது தன்னைத் தாழ்த்திக்கொண்டு ஓடும். எதுவும் சொல்லாதவை யாராக இருந்தாலும் ஓடும். ஒவ்வொரு சோதனையும் தனிச் செயலாக, தனித் தற்காலிக அடைவில், சூழல் மாறிகள் சுத்தமாக்கப்பட்ட நிலையில் தொடங்கும். 5 நிமிடத்துக்குள் முடியாவிட்டால் நிறுத்தப்படும். முடிந்ததும் அடைவு அழிக்கப்படும். சோதனை தன் நிரல் இருக்கும் அடைவில் எழுத முடியாது என்ற கட்டாயம் சோதனை எழுதுவோரிடம் ஒழுக்கத்தை வளர்த்தது. அடைவு ரூட்டுக்குச் சொந்தம் என்றால் கண்ட இடத்தில் கோப்பு போட முடியாதல்லவா?

கெர்னலைச் சோதிப்பது மட்டும் எட்டாக்கனியாக இருந்தது. கோப்பு முறைமையை ஏற்ற ரூட் வேண்டும். சோதனையில் பிழை இருந்தால் கணினியே விழுந்துவிடும். இந்தச் சுவரை உடைத்தவர் பின்லாந்தின் ஆன்ட்டி கான்டீ. 2007-ல் அவர் தொடங்கிய ரம்ப் என்ற முயற்சி, நெட்பிஎஸ்டி கெர்னலின் பகுதிகளை மாற்றி எழுதாமல் அப்படியே எடுத்து, சாதாரணப் பயனரின் செயலுக்குள் நூலகமாக ஓட வைத்தது. கோப்பு முறைமைகளில் தொடங்கி நெட்வொர்க் அடுக்குவரை அது விரிந்தது. ஒரு சோதனை இனி ஒரு சாதாரணக் கோப்பை வட்டாகப் பாவித்து, அதன்மேல் மெய்யான கெர்னல் நிரலைக் கொண்டு கோப்பு முறைமையை ஏற்றி, கசக்கிப் பிழியலாம். கெர்னல் நிரல் நிலைகுலைந்தால் விழுவது அந்த ஒரு செயல் மட்டும். நினைவக நகல் கோப்பு மிஞ்சும், அதை டீபக்கரில் திறந்து பார்க்கலாம். ஒரே கணினியில் பல நெட்வொர்க் அடுக்குகளை எழுப்பி ஒன்றோடொன்று பேச வைக்கவும் முடிந்தது. கான்டீ இதைப் பற்றி எழுதிய முனைவர் பட்ட ஆய்வை ஆல்டோ பல்கலைக்கழகம் 2012-ல் ஏற்றது. ரூட் இல்லாமல் சோதிப்பது என்ற நிபந்தனையிலிருந்து பிறந்த பயன்களில் இதைவிடப் பெரியதைச் சொல்வது கடினம்.

லினக்ஸ் உலகம் வேறு பக்கமிருந்து அங்கே வந்து சேர்ந்தது. டெபியனில் 1997 முதலே ஃபேக்ரூட் என்ற கருவி இருந்தது. கோப்பின் உடைமையாளரை மாற்றும் அழைப்புகளை இடையில் பிடித்து, மாறிவிட்டது போல நிரலுக்குக் காட்டும் நூலகம் அது. பேக்கேஜ் தயாரிக்க அது போதுமானது. உண்மையான அதிகாரம் எதுவும் கிடைக்காது என்பதால் சோதனைக்கு ஓரளவே உதவியது. 2013 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.8 கெர்னலில் பயனர் பெயர்வெளி என்ற வசதி முழுமை பெற்றது. ஒரு சாதாரணப் பயனர் தனக்கென ஒரு வேலியிட்ட உலகை உருவாக்கி, அதற்குள் பயனர் எண் 0 ஆக இருக்கலாம். வேலிக்கு வெளியே அவருக்கு எந்தக் கூடுதல் உரிமையும் இல்லை. ரூட் கேட்கும் சோதனைகள் பலவற்றை இதன் உள்ளே ஓட்ட முடிந்தது. ஆனால் கெர்னலின் பல மூலைகளை அது சாதாரணப் பயனருக்குத் திறந்துவிடுவதால் பாதுகாப்புக் கவலையும் எழுந்தது. டெபியன் அதை நெடுங்காலம் இயல்பாகவே அணைத்து வைத்திருந்து, 2021-ல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் திறந்தது. உபுண்டு பின்னாளில் அதற்குப் புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை.

நிறுவிய பேக்கேஜைச் சோதிப்பதைத் தன் விதிகளுக்குள்ளேயே கொண்டுவந்தது டெபியன்தான். 2006-ல் இயன் ஜாக்சன் தொடங்கிய ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் கருவி, உபுண்டுவிலும் டெபியனிலும் வளர்ந்தது. பேக்கேஜின் மூலத்திலேயே ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கோப்பு இருக்கும். எந்தச் சோதனைகள், அவற்றுக்கு எந்தப் பேக்கேஜ்கள் தேவை, என்னென்ன கட்டுப்பாடுகள் என்று அது சொல்லும். ‘ரூட் தேவை’ என்பது அப்படிப்பட்ட கட்டுப்பாடுகளில் ஒன்று. கணினியையே குலைத்துவிடக்கூடும் என்பது இன்னொன்று. ரூட் தேவை என்று எழுதாத சோதனை சாதாரணப் பயனராக ஓடும். விதியின் அழுத்தம் எந்தப் பக்கம் என்பதை இந்த இயல்புநிலையே காட்டுகிறது: அதிகாரம் வேண்டுபவர் எழுதிக் கேட்க வேண்டும். 2014-ல் டெபியனின் தொடர் சோதனைத் தளம் செயல்படத் தொடங்கியது. 2018-ல், இந்தச் சோதனைகளில் தோற்கும் பேக்கேஜ் அடுத்த பதிப்புக்கான கிளைக்குள் நுழைவது தாமதப்படத் தொடங்கியது.

க்னோம் திட்டம் 2013-ல் எடுத்த முடிவும் இதே திசையில்தான். நிறுவிய சோதனைகள் என்ற முயற்சியை காலின் வால்டர்ஸ் முன்னின்று நடத்தினார். ஒவ்வொரு நூலகமும் தன் சோதனை நிரல்களை நிறுவி, அவற்றை விவரிக்கும் சில வரிக் கோப்பைப் பொது அடைவில் வைக்கும். ஓட்டும் கருவி அந்த அடைவைத் துழாவி எல்லாவற்றையும் பயனரின் அமர்வுக்குள் ஓட்டும். மேசைத்தள மென்பொருள் எப்போதும் சாதாரணப் பயனராகவே இயங்குவதால் ரூட் பற்றிய பேச்சே அங்கே எழவில்லை. வேறொன்று எழுந்தது: சோதனைக்கான தரவுக் கோப்பு எங்கே? மூலநிரல் அடைவில் ஓடும்போது ஓரிடம், நிறுவிய பிறகு வேறிடம். இரண்டு நிலையிலும் சரியான பாதையைத் தரும் செயற்கூறு ஒன்று அதே ஆண்டு ஜிலிப் நூலகத்தில் சேர்ந்தது. சிறிய திருத்தம்தான், ஆனால் நிறுவிய சோதனைகளில் பாதிச் சிக்கல் இந்தப் பாதைகளால்தான் வருகிறது. உட்பொதி கணினிகளுக்கான யாக்டோ திட்டமும் ஏறத்தாழ அதே சமயத்தில் ‘பிடெஸ்ட்’ என்ற பெயரில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் சோதனைத் துணைப் பேக்கேஜ் தயாரிக்கும் வழியைக் கொண்டுவந்தது. கையடக்கக் கருவியில் கம்பைலரே இருக்காது என்பதால் அங்கே இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

நெட்பிஎஸ்டியின் பரிசோதனை ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கும் பரவியது. மெரினோ தன் பழைய ஓட்டும் கருவியின் குறைகளைக் களைந்து கியுவா என்ற புதிய கருவியை எழுதினார். முடிவுகள் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் பின்னாளில் எடுத்துப் பார்க்கலாம், அறிக்கையாக மாற்றலாம். 2014 முதல் வந்த 10-ஆம் வரிசைப் பதிப்புகளில் சோதனைத் தொகுப்பு ஃப்ரீபிஎஸ்டிக்குள் வந்தது. 2020-ல் கியுவா அடிப்படை இயங்குதளத்தின் பகுதியாகச் சேர்க்கப்பட்டு, 2021 ஏப்ரலில் வெளியான 13.0 பதிப்பில் பயனர்களை அடைந்தது. சோதனைகளுக்கென அதிகாரமற்ற பயனர் ஒருவர் அங்கும் கடவுச்சொல் கோப்பில் இடம்பெற்றிருக்கிறார். நெட்வொர்க் வடிகட்டி, செயல்களைத் தனிமைப்படுத்தும் சிறைக்கூடம், வட்டுச் சாதனங்கள் ஆகியவற்றைத் தொடும் சோதனைகள் இன்றும் ரூட் அதிகாரம் கேட்கின்றன. சாதாரணப் பயனர் ஓட்டும்போது அவை காரணத்தோடு தவிர்க்கப்பட்டவையாக அறிக்கையில் இடம்பெறும். மற்ற அனைத்தும் அவருடைய கணக்கிலேயே ஓடி முடியும்.